ஏழாவது தீர்மானம்: எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

அதிபர் அவர்களுக்கும் சங்கத்தின் செயலாளருக்கும் உறுப்பினர்களுக்கும்,

சென்ற மாதக் கூட்டத்தின் அறிக்கையை ஒரு தாய் கைத்தொலைபேசியில் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். ஏழாவது தீர்மானத்தின் கீழே சிவப்பில் கோடு இழுத்திருந்தார். தரம் 10 பிள்ளைகளின் கல்விச் சுற்றுலா இவ்வாண்டும் நுவரெலியாவுக்கும் ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்கும் செல்லும். ஆண் பிள்ளைகள் அங்கே உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பு வரை நடப்பார்கள். பெண் பிள்ளைகள் 'பாதுகாப்புக் கருதி' நுவரெலியாவிலேயே நின்று விக்டோரியா பூங்காவைப் பார்வையிடுவார்கள். முன்மொழிந்தவர் பெயர் இருக்கிறது, வழிமொழிந்தவர் பெயர் இருக்கிறது. எதிர்த்தவர் என்று எவருமில்லை.

நான் எதிர்க்கிறேன். கூட்டத்தில் எனக்கு இப்போது இடமில்லை என்பதால் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பாடசாலையில் புவியியல் கற்பித்தவள் நான். உங்களில் மூவர் என் வகுப்பில் இருந்தவர்கள். அதில் ஒருவர் வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோட்டை ஆறு என்று நினைத்து நீல நிறம் தீட்டியவர். பெயர் சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம்.

தீர்மானத்துக்குக் காரணம் சென்ற ஆண்டுப் பயணத்தில் 'ஒரு மாணவி காயமடைந்தமை' என்று அறிக்கை சொல்கிறது. மூன்று சொல்லில் முடித்துவிட்டீர்கள். ஓய்வுபெற்ற பின்னும் பெண் பிள்ளைகளுக்குத் துணையாக வரும்படி கேட்டதால் நானும் அந்தப் பஸ்ஸில் இருந்தேன். ஆகவே மிச்சச் சொற்களை நான் எழுதுகிறேன்.

காலை ஐந்து மணிக்கு நுவரெலியாவிலிருந்து புறப்படுவதாகத் திட்டம். ஐந்து மணிக்குப் பெண் பிள்ளைகள் இருபத்துமூவரும் விடுதி வாசலில் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். சாரதி தூக்கத்தில் இருந்தார். அவரைக் குறை சொல்லமாட்டேன். முதல் நாள் வருகிற வழியெல்லாம் மரக்கறிக் கடை, தேயிலைக் கடை என்று பெரியவர்கள் இறங்கி ஏறியதில் விடுதிக்கு வந்து சேர நள்ளிரவாகிவிட்டது. லீக்ஸும் கரட்டும் வாங்கிய பைகள் பஸ்ஸின் பின் ஆசனத்தை நிறைத்திருந்தன. அவை பிள்ளைகளின் பைகள் அல்ல. காலைச் சாப்பாட்டுப் பொதி ஏழு மணிக்குத்தான் வந்தது. பட்டிப்பொல ஏறி, பூங்காவின் நுழைவாயிலில் டிக்கெட் எடுத்து, பை சோதனை முடித்து, ஃபார் இன் என்ற அந்தப் பழைய வேட்டை விடுதிக்கு முன்னால் இறங்கி நடக்கத் தொடங்கும்போது பத்தேகால்.

பத்தேகால் என்றால் என்ன பொருள் என்பதைச் சொல்ல வேண்டும். உலக முடிவில் நிலம் எண்ணூறு மீற்றருக்கு மேல் செங்குத்தாக இறங்குகிறது. விடியும்போது கீழே பள்ளத்தாக்கும் தேயிலைத் தோட்டங்களும் துல்லியமாகத் தெரியும். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்குக் காற்றுச் சூடாகிச் சரிவு வழியே மேலே வருகிறது. வரும்போதே குளிர்ந்து முகிலாகிவிடுகிறது. ஒன்பது, பத்து மணிக்குள் விளிம்பு முழுவதும் வெள்ளையாகிவிடும். அதன் பிறகு அங்கே போகிறவர் பார்ப்பது ஒரு வெள்ளைச் சுவரை. எட்டு மணிக்குள் விளிம்பில் நிற்க வேண்டும் என்பது அந்தப் பூங்காவுக்குப் போன எந்த வழிகாட்டியும் முதலில் சொல்கிற புத்திமதி. மேலெழும் காற்று குளிர்ந்து முகிலாவது வகுப்பிலேயே கற்பிக்கிற விடயம். நாம் பாடத்தைக் கற்பித்துவிட்டுப் பிள்ளைகளை முகிலுக்குள் அனுப்பினோம்.

அடுத்தது உடை. வீட்டுக்கு அனுப்பிய அறிவித்தலில் ஆண் பிள்ளைகளுக்கு 'விளையாட்டு உடையும் சப்பாத்தும்' என்றும், பெண் பிள்ளைகளுக்குப் 'பாடசாலைச் சீருடை' என்றும் எழுதியிருந்தது. வெள்ளைச் சீருடை, கழுத்துப்பட்டி, அடி வழுவழுப்பான வெள்ளைச் சப்பாத்து. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 13 பாகை செல்சியஸ் உள்ள இடத்துக்கு, செம்மண்ணும் வேரும் ஈரக் கல்லுமான ஒன்பது கிலோமீற்றர்ப் பாதைக்கு, பரிசளிப்பு விழாவுக்குப் போகிற உடை. தை, மாசியில் அந்தப் புல்வெளியில் விடியற்காலையில் உறைபனி படியும். நம் திருகோணமலையில் மார்கழியிலும் மின்விசிறி சுழல்கிறது. பாதி வழியில் ஒரு பிள்ளை, "ரீச்சர், ஆம்பிளைப் பிள்ளைகளின் சப்பாத்து மட்டும் ஏன் வழுக்கவில்லை?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அந்த அறிவித்தல் அச்சாவதற்கு முன் என் கண்ணிலும் பட்டது, நானும் வாயைத் திறக்கவில்லை. அது என் பிழை.

பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் பாதை செங்குத்தானது. அங்கேதான் அந்த மாணவியின் கால் பிசகியது. கல்லில் உட்கார வைத்துச் சப்பாத்தைக் கழற்றினோம். கணுக்கால் வீங்கத் தொடங்கியிருந்தது, எலும்பு முறியவில்லை. முதலுதவிப் பெட்டி எங்கே என்று தேடினால் அது பஸ்ஸில், லீக்ஸ் பைகளுக்குக் கீழே. அவளுடைய தோழிகள் இருவர் கழுத்துப்பட்டிகளை அவிழ்த்துத் தந்தார்கள். பாதத்தின் கீழிருந்து எட்டு வடிவில் இறுக்கிக் கட்டினேன். பாடசாலைச் சின்னம் சரியாகக் கணுக்காலின் மேல் வந்து உட்கார்ந்தது. அவளே அதைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஒருத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு மிச்சப் பாதை முழுவதையும் நடந்து வந்தாள். அழவில்லை. பஸ்ஸில் ஏறிய பிறகு என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ரீச்சர், அம்மாவுக்கு நானே சொல்கிறேன், நீங்கள் முதலில் சொல்லிவிடாதீர்கள். பிறகு தங்கச்சியை அனுப்பமாட்டார்."

தங்கை இவ்வாண்டு தரம் 10.

அறிக்கையில் இல்லாத இன்னொன்றும் அன்று நடந்தது. இரண்டு மாணவர்கள் வீடியோ எடுப்பதற்காகப் பாதையை விட்டிறங்கிப் புல்வெளிக்குள் போய்விட்டார்கள். முகில் மூடியது. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. முக்கால் மணித்தியாலம் நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நின்றோம். கடைசியில் பூங்கா உத்தியோகத்தர் ஒருவர் அவர்களைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். பாதையை விட்டு இறங்குவது அங்கே விதிப்படி குற்றம். செங்குத்துப் பாறை இருக்கிற இடத்தில், பனிமூட்டத்தில், அது உயிரோடு விளையாடுவது. காணாமற்போனவர்கள் ஆண் பிள்ளைகள். பாதையில் நின்றவர்கள், வரிசை கலையாதவர்கள், விழுந்தவளைத் தூக்கியவர்கள் பெண் பிள்ளைகள். தண்டனை யாருக்கு விழுந்திருக்கிறது என்று தயவுசெய்து மறுபடி ஒருமுறை ஏழாவது தீர்மானத்தை வாசித்துப் பாருங்கள்.

ஆண் பிள்ளைகளை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்த இருவரும் நல்ல பிள்ளைகள். பதினைந்து வயதில் கைத்தொலைபேசியும் கையில் இருந்தால் எந்தப் பிள்ளையும் செய்யக்கூடியதைச் செய்தார்கள். வரிசைக்கு முன்னால் ஒரு பெரியவரும் பின்னால் ஒரு பெரியவரும் நடந்திருந்தால் அது நடந்திருக்காது. நாற்பத்துநான்கு பிள்ளைகளுக்கு நாங்கள் நான்கு பேர். இருவர் முன்னால் போய்விட்டார்கள், ஒருவர் பஸ்ஸிலேயே நின்றுவிட்டார்.

விழுகிறவர்கள் பெண்கள்தான் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. 2015ஆம் ஆண்டு உலக முடிவில் தவறி விழுந்து, மரத்தில் சிக்கி உயிர் தப்பிய ஒல்லாந்து நாட்டுப் பயணியைப் பற்றி எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. அவர் ஓர் ஆண். புது மனைவியைப் படம் எடுப்பதற்காகப் பின்னால் அடியெடுத்து வைத்தவர். மனைவி நின்ற இடத்திலேயே நின்றார்.

இனி, நாம் ஏன் அங்கே போகிறோம் என்பதைப் பற்றி. ஊர் சுற்றுவதற்கு என்றால் விக்டோரியா பூங்கா போதும், பூக்கள் அழகானவை. ஆனால் அறிவித்தலில் 'கல்விச் சுற்றுலா' என்று போட்டிருக்கிறீர்கள். அந்தப் பூங்காவில் பூக்களுக்கு வேலி இருக்கிறது, பாத்தி இருக்கிறது. ஹோட்டன் சமவெளியில் அப்படி எதுவும் இல்லை. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலே, ஈரப் பத்தனாப் புல்வெளி அலை அலையாகக் கிடக்கிறது. புல்வெளி முடிகிற இடத்தில் திடீரென்று காடு. மரங்கள் உயரமில்லை. காற்றில் வளைந்து, குடை பிடித்தாற்போல் தலை பரப்பி, கிளையெல்லாம் பாசியும் தாடியுமாக நிற்கும். இந்த மண்ணில் ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு நட்டார்கள் என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 1988இல்தான் இது தேசியப் பூங்காவானது. 2010இல் யுனெஸ்கோ நம் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமையாக அறிவித்தபோது இதுவும் அதில் சேர்ந்தது. ஹோட்டன் என்பது 1831 முதல் 1837 வரை இங்கே ஆண்ட ஆங்கிலத் தேசாதிபதியின் பெயர். பேக்கர் என்பவர் நாய்களை ஏவி மரை என்ற பெரிய மான்களை வேட்டையாடிய துரை. வேட்டையாடியவர் பெயரில் நீர்வீழ்ச்சி இருக்கிறது, மரையின் பெயரில் ஒன்றுமில்லை என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். அந்தக் கட்டுரைக்குப் பத்துக்குப் பத்துக் கொடுத்தேன்.

நுழைவாயிலில் பொலித்தீன் எதுவும் உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். உத்தியோகத்தர்கள் பையைத் திறந்து பார்த்து, பிஸ்கட் உறையைக் கழற்றி, தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் பெயர்த்தாளைக்கூட உரித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். சென்ற ஆண்டு எங்கள் பிள்ளைகள் பஸ்ஸிலேயே அந்த வேலையை முடித்துவிட்டார்கள். ஒருத்தி கணிதக் கொப்பியின் நடுத்தாள்களைக் கிழித்து, கிரீம் கிராக்கரை நாலு நாலாக மடித்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்டேன். "கோட்டைக்குள் மான்கள் ஷொப்பிங் பை தின்கிறதைப் பார்த்திருக்கிறேன் ரீச்சர்" என்றாள். திருகோணமலைப் பிள்ளைக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பிரட்றிக் கோட்டையிலிருந்து கடைத்தெரு வரை வந்து குப்பை மேட்டில் வாய் வைக்கிற புள்ளிமான்களைப் பார்த்தே வளர்ந்தவள். மேலே வாகனத் தரிப்பிடத்துக்கே வந்து நின்ற மரைக்கு யாரோ பணிஸ் நீட்டியபோது, "கொடுக்காதீர்கள்" என்று முதலில் சத்தம் போட்டவளும் அவள்தான். இந்தப் பிள்ளையைத்தான் நீங்கள் வேலி போட்ட பூங்காவில் நிறுத்தப் பார்க்கிறீர்கள்.

இன்னொரு காரணம் எனக்குப் பெரியது. மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் அந்த மேட்டு நிலம் நீர் கொடுக்கிறது. நடைபாதையில் நாம் கடக்கிற ஓடை பெலிஹுல் ஓயா. அது வளவையோடு சேர்ந்து தெற்குக் கடலுக்குப் போய்விடும். அதே சமவெளியின் மறுபக்கம் விழுகிற மழை அக்ர ஓயாவாக இறங்கி, கொத்மலை வழியாக மகாவலியாகி, 335 கிலோமீற்றர் சுற்றி வந்து நம் கொட்டியாரக்குடாவில் கடலைத் தொடுகிறது. நீர்ப்பிரிமேடு என்ற சொல்லைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன். மூதூரிலிருந்து தினமும் வந்து படித்த ஒரு மாணவிக்கு அது பரீட்சையில் எழுதுகிற இரண்டு புள்ளிச் சொல். சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் புல்வெளியில் நின்று நான் கையை இரு பக்கமும் காட்டியதும், "அப்படியென்றால் கங்கைப் பாலத்துக்குக் கீழே வருவது இந்த மழையா?" என்று கேட்டாள். ஆம் என்றேன். குனிந்து ஈரப்புல்லை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். வேறொன்றும் சொல்லவில்லை. இன்று அவள் நீர்ப்பாசனத் துறையில் வேலை செய்கிறாள் என்று கதையை முடிக்கலாம், ஆனால் அது பொய்யாகிவிடும். தையல் கடை வைத்திருக்கிறாள். வெள்ளம் வருகிற மாதங்களில் மட்டும் எனக்குத் தொலைபேசி எடுத்து, "ரீச்சர், மேலே மழை எப்படியாம்?" என்று கேட்பாள்.

அதே பயணத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. சின்ன உலக முடிவில் முகில் அரை நிமிடம் விலகியது. கீழே அதலபாதாளம். ஒரு பிள்ளை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "படத்தில் கோடுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றது இதுதானா?" என்றாள். சமவுயரக் கோடு நெருங்கினால் சரிவு செங்குத்து. ஒரு தவணை முழுவதும் நான் கத்தியது அந்த அரை நிமிடத்தில் அவளுக்குப் புரிந்தது. அந்த அரை நிமிடத்தை ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, பரீட்சையில் இருவருக்கும் ஒரே கேள்வியைக் கேட்கப்போகிறோமா?

தமிழ் ஆசிரியர்கள் என்னோடு கோபிக்கக் கூடாது. குறிஞ்சித் திணையின் கருப்பொருளை நம் பிள்ளைகள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். மலை, அருவி, தினை, கிளி, வள்ளி. அந்த மேட்டுக் காடுகளில் நெலு என்று சிங்களத்தில் சொல்கிற செடி பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரேயடியாகப் பூத்து மடிகிறது. நம் குறிஞ்சியின் குடும்பம் அது. தினைப்புனத்தில் தனியாகப் பரண் மேல் நின்று கவண் வீசிக் கிளி விரட்டிய வள்ளியை வெருகல் முருகன் கோவில் திருவிழாவில் தோளில் சுமந்து கொண்டாடுகிறோம். அவளுடைய வயதுப் பிள்ளைகளை மலையடிவாரத்தில் நிறுத்திவிட்டு வருகிறோம்.

நடையைப் பற்றி நம் ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. என் தாய் அறுபது வயதுக்கு மேல் கதிர்காமப் பாதயாத்திரை போனார். உகந்தையில் கும்பிட்டுவிட்டுக் குமணைக் காட்டுக்குள் இறங்கி, யாலை வழியாக, யானைத் தடத்தில் நாட்கணக்கில் நடந்தார். குமணையும் யாலையும் தேசியப் பூங்காக்கள்தான், யானையும் கரடியும் சிறுத்தையும் உள்ள காடுகள்தான். உங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மாவோ மாமியோ அந்தக் காட்டுவழியில் போயிருப்பார். அப்போது எவரும் தீர்மானம் போடவில்லை. விரதம் என்றால் பெண்ணுக்குக் கால் இருக்கிறது, படிப்பு என்றால் இல்லை.

கூட்டத்தில் உங்களுக்கு வந்த தேநீரையும் யோசித்துப் பாருங்கள். பட்டிப்பொல போகிற வழியில் பஸ் ஜன்னலால் பார்த்தால் தெரியும், நின்றால் கால் வழுக்குகிற சரிவில் மழையில் நின்று கொழுந்து பறிப்பது யார் என்று.

இனி, அறிக்கையில் எழுதாமல் கூட்டத்தில் பேசியதற்கு வருகிறேன். பேசியது என் காதுக்கு வந்தது, சிறிய ஊர். 'வயதுக்கு வந்த பிள்ளைகள், அந்த நாட்கள் வந்தால் என்ன செய்வது, பாதையில் கழிப்பறை இல்லையே' என்றார்களாம். குரலைத் தாழ்த்திச் சொன்னார்களாம். நான் உரத்தே சொல்கிறேன். நடை தொடங்குகிற இடத்தில் கழிப்பறை இருக்கிறது. நடைக்கு மூன்று மணித்தியாலம், பிள்ளைகள் கூட்டமாகப் போனால் நான்கு. பாடசாலையில் முதலாம் பாடத்திலிருந்து இடைவேளை வரை அவர்கள் சமாளிக்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் கூட. வேண்டிய பொருள்கள் ஒரு துணிப்பையில் என்னிடம் எப்போதும் இருந்தன. ஒரு பயணத்திலும் இதனால் ஒரு பிள்ளை பின்தங்கியதில்லை. அன்றைக்கு உடம்புக்கு முடியாது என்று ஒரு பிள்ளை சொன்னால் அவள் ஓய்வெடுக்கட்டும். அதை அவள் சொல்லட்டும். எல்லோருக்காகவும் முன்கூட்டியே சங்கம் சொல்ல வேண்டாம்.

பெற்றோரின் பயத்தை நான் ஏளனம் செய்யவில்லை. அந்தப் பயத்தை எனக்குத் தெரியும். 1980இல் நான் இதே வயதில் இருந்தபோது எங்கள் வகுப்பு மலைநாட்டுக்குப் போனது. அப்பா கையெழுத்துப் போடவில்லை. நல்ல மனிதர், கோபித்துக்கூடப் பேசாதவர். "அடுத்த வருடம் பார்ப்போம் பிள்ளை" என்றார். அடுத்த வருடம் பரீட்சை. அதற்கடுத்து நாடு என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். சோதனைச் சாவடிகளுக்கு நடுவே பத்துப் பதினைந்து ஆண்டுகள், நான் பார்க்காத மலையைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். யுத்த நிறுத்தம் வந்த பிறகு, 2003இல்தான், சக ஆசிரியைகளோடு முதன்முறை அந்த விளிம்பில் நின்றேன். எனக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. திரும்பி வந்தபோது அப்பா படுக்கையில். "எப்படி இருந்தது?" என்று கேட்டார். கோணேசர் கோவில் மலையில் இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் நின்று கீழே கடலைப் பார்ப்பதுபோல, ஆனால் கடலுக்குப் பதில் முகில் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்றைக்கே விட்டிருக்கலாம்" என்றார்.

இராவணன் வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் பால்குடிக் காலத்திலிருந்து அந்தச் செங்குத்துப் பாறை விளிம்புக்கு இடுப்பில் வைத்துக் கொண்டுபோகப்பட்டவர்கள். விளிம்பில் எப்படி நிற்பது என்பது அவர்களுக்குத் தெரியாத விடயம் அல்ல.

ஆகவே கேட்கிறேன். கேட்பதெல்லாம் உங்கள் கையில் இருப்பவை, எதற்கும் திணைக்கள அனுமதியோ பெரிய பணமோ தேவையில்லை.

முதலில், ஏழாவது தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். அடுத்த கூட்டத்திலேயே, எழுத்தில். அந்த மாணவியின் காயத்தைப் பற்றிய வரிக்குப் பக்கத்தில் அன்று பயணம் மணிக்கணக்கில் பிந்தியதையும், உடை பற்றிய அறிவித்தலையும், முதலுதவிப் பெட்டி இருந்த இடத்தையும், பாதை தவறிய இருவரையும் பற்றி எழுதுங்கள். அறிக்கையைப் பிற்காலத்தில் வாசிக்கிறவர்கள் பெண் பிள்ளை ஒருத்தியால்தான் எல்லாம் கெட்டது என்று நினைக்கக் கூடாது. அவளுடைய பெயரை எழுத வேண்டாம். தவறு யாருடையது என்பதை மட்டும் எழுதுங்கள். என் பெயரை வேண்டுமானால் போடுங்கள்.

இரண்டாவது, பயணத்தை வறண்ட மாதங்களான தை முதல் பங்குனி வரையில் வையுங்கள். முதல் நாள் கடைகளுக்கு நிறுத்துவதில்லை என்று பஸ் ஏறும் முன்பே பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். மரக்கறி திரும்பி வருகிற வழியிலும் கிடைக்கும். நுவரெலியாவிலிருந்து காலை நாலரைக்குப் புறப்பட வேண்டும். பூங்கா வாயில் திறக்கிற நேரத்தில் நம் பஸ் அங்கே நிற்க வேண்டும். காலைச் சாப்பாட்டை முதல் நாள் இரவே, வாழையிலையிலோ காகிதத்திலோ கட்டி வாங்கி வையுங்கள்.

மூன்றாவது, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே உடை. காற்சட்டை, அடி பிடிக்கிற சப்பாத்து, சுவெட்டர், மழைச்சட்டை. சப்பாத்து வாங்க வசதியில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள், எனக்கே ஏழெட்டுப் பேரைத் தெரியும். முன்பு போய் வந்த பிள்ளைகளிடம் பழைய விளையாட்டுச் சப்பாத்துகளைச் சேர்த்துக் கொடுக்க நான் பொறுப்பெடுக்கிறேன். இதுவரை பதினொரு சோடி என் வீட்டு விறாந்தையில் இருக்கிறது.

நான்காவது, பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். அவர்களில் பாதிப் பேர் பெண்கள். ஒவ்வொரு குழுவுக்கும் முன்னே ஒருவர், பின்னே ஒருவர், பின்னே நடப்பவரின் தோளில் முதலுதவிப் பை. பஸ்ஸில் நிற்க விரும்புகிற ஆசிரியர் வீட்டிலேயே நிற்கட்டும். நடைபாதையில் கைத்தொலைபேசி குழுவுக்கு ஒன்றே ஒன்று, அது பெரியவரிடம். மாணவர் மாணவியர் இருவருக்கும் இதே விதி.

கடைசியாக ஒன்று. இந்தத் தீர்மானத்தை எடுத்த அன்று கூட்டத்தில் இருந்த பதினான்கு பேரில் இருவர்தான் தாய்மார். அவர்களும் தேநீர் எடுத்துவர எழுந்துபோயிருந்த நேரத்தில் கை தூக்கப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அது பொய்யாக இருந்தால் திருத்துங்கள், பகிரங்கமாகவே மன்னிப்புக் கேட்கிறேன். மெய்யாக இருந்தால் அடுத்த கூட்டத்துக்குத் தரம் 10 பிள்ளைகளின் தாய்மாரை எல்லாம் அழையுங்கள். பெண் பிள்ளைகளில் இருவரையும் அழைத்துப் பேசவிடுங்கள். சென்ற ஆண்டு கால் பிசகிய மாணவி வருவதாகச் சொல்லியிருக்கிறாள், தாயோடும் தங்கையோடும். தேநீரை அன்றைக்கு வேறு யாராவது கொண்டுவரட்டும்.

உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை
திருகோணமலை